பால்கனியில் மைனஸ் முப்பத்தொன்று

கையுறைப் பெட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் ஜுபானிஷ் அகா முகத்தைச் சொறிந்துகொள்வார். முதலில் மூக்கு நுனி, பிறகு இடது புருவம், கடைசியாக இரண்டு காதுகளின் பின்புறம். அரிக்கிறதோ இல்லையோ, வரிசை மாறாது. அஸ்தானாவின் அந்த ஆய்வுக்கூடத்தில் நான் இருந்த ஐந்து வருடங்களில் ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன்.

அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெட்டி ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிக் கூண்டு. லித்தியம் ஈரக் காற்றைத் தாங்காது என்பதால் எங்கள் வேலை முழுக்க அதற்குள்தான். கண்ணாடியில் பொருத்திய இரண்டு தடித்த ரப்பர் கைகளுக்குள் தோள் வரை கையை நுழைத்துவிட்டால், இரண்டு மணி நேரத்துக்கு அவை நம்முடைய கைகள் அல்ல. மூக்கு அப்போதுதான் அரிக்கும்.

"உள்ள போனப்புறம் அரிக்கப் போறத இப்பவே சொறிஞ்சு வச்சுட்டா, அது ஏமாந்து போயிரும்" என்பார்.

"யாரு அகா ஏமாந்து போறது?"

"மூக்குதான். வேற யாரு இங்க என் பேச்சக் கேக்கறாங்க?"

அவருக்கு நாற்பத்து மூன்று வயது, அதனால் எனக்கு 'அகா', அதாவது அண்ணன். பத்தொன்பது வருடமாக அதே மாடியில் பொறியாளர். பேட்டரிக்குள் ஊற்றும் மின்பகுளித் திரவங்களைக் கலப்பது அவர் வேலை. கலந்ததைப் பட்டன் செல்லாக்கிச் சோதிப்பது என் வேலை. அவருக்கு முனைவர் பட்டம் இல்லை. முதல் தடவை வழிகாட்டி வேறு நாட்டுக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை, அவர் கட்டுரை வந்திருந்த இதழை அங்கீகாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டம் இல்லாமல் சொந்தப் பெயரில் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அவர் கலந்த திரவங்களைக் கொண்டு நான்கு பேர் முனைவராகிப் போனதை அவர் பார்த்திருக்கிறார். பண்டகக் காப்பாளர் அமன்கோஸ் அவரை "டாக்டராகப் போறவரே" என்றுதான் கூப்பிடுவார். பத்து வருடத்துக்கு முன் அது வாழ்த்தாக இருந்ததாம்.

நான் குல்சாரிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில், எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த கந்தகம் மஞ்சள் பாளங்களாக அடுக்கிக் கிடக்கும். அப்பா அதை அள்ளும் வண்டி ஓட்டினார். வீட்டில் பள்ளியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். 'கந்தகத்தில் பேட்டரி செய்கிறேன்' என்று சொன்னபோது அப்பா, "அத எதுக்காவது எடுத்துட்டுப் போனா சரி" என்றார்.

கந்தகம் மலிவு, எடை குறைவு, நிறைய மின்சாரம் தாங்கும். ஆனால் திரவத்தில் கரையாவிட்டால் அது வேலை செய்யாது. கரைந்துவிட்டாலோ எதிர்ப்பக்கம் ஓடிப்போய் லித்தியத்தைத் தின்னும். கரையவும் வேண்டும், ஓடவும் கூடாது. அப்படி ஒரு திரவத்தைத்தான் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். எங்களுக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை: மைனஸ் முப்பதிலும் அது ஓட வேண்டும். ஏனென்றால் அஸ்தானாவில் ஜனவரி என்றால் அதுதான். குளிரில் கரைந்த கந்தகம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டு நின்றுவிடும். செல்லிலிருந்து மின்சாரத்தை எடுக்கும்போது வரையும் மின்னிறக்க வரைகோட்டில் இரண்டு படிகள் வரவேண்டும், குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று. சரக்கெல்லாம் அந்த நீளமான இரண்டாம் படியில்தான் இருக்கிறது. மைனஸ் முப்பதில் எங்கள் எந்தத் திரவத்துக்கும் இரண்டாம் படி வந்ததில்லை.

அகா திரவங்களுக்கு எண் கொடுக்கமாட்டார். கந்தகச் சேர்மத்தைக் கலந்து ஒரு வாரம் வைப்பார். என்ன நிறத்தில் தெளிகிறதோ, அந்த நிறத்துக் குதிரையின் பெயரை வைப்பார். எங்கள் மொழியில் குதிரை நிறத்துக்குப் பெயர்கள் ஏராளம், அதனால் பஞ்சமில்லை. எல்லாம் ஒரு பச்சை அட்டை நோட்டில் இருக்கும்: எந்த உப்பு, எந்த ஈதர், எத்தனை துளி, எப்படிச் செத்தது. ஜிரென் மைனஸ் பதினைந்தில் செத்தது. கெர் மைனஸ் இருபதில். அந்த நோட்டை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. ஆய்வுக்கூடத் தலைவர் சேர்காஸி கேட்டாலும் படியெடுத்துத்தான் கொடுப்பார்.

நான் அங்கிருந்த கடைசிக் குளிர்காலம், நவம்பரில், செல்களைச் சோதிக்கும் எங்கள் குளிர் அறையின் கம்ப்ரசர் பழுதாகிவிட்டது. உதிரி பாகம் ஜனவரியில்தான் வரும். திட்ட அறிக்கையோ டிசம்பருக்குள் போக வேண்டும். இரண்டாம் படி இல்லாத அறிக்கை போனால் திட்டம் முடிந்தது, ஏழு பேருக்கும் வேலை இல்லை. அகாவுக்கு அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அவருடைய மூன்றாவது ஆய்வேடு அந்தத் திட்டத்தின் மேல் நின்றது.

"வெளியதான் சும்மா கெடக்குதே குளிரு" என்றார் அமன்கோஸ்.

அப்படித்தான் பால்கனிக்குப் போனோம். செல்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, கம்பிகளை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே இழுத்து, இடுக்கைக் கம்பளித் துண்டால் அடைத்தோம். வெப்பமானியைக் கைப்பிடிக் கம்பியில் கட்டினேன். முதல் வாரம் மைனஸ் இருபத்தெட்டு. வைத்த மூன்று திரவங்களும் ஒரு மணி நேரத்தில் செத்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை குலா என்ற திரவத்தை வைத்தோம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். அதே நாளில் எங்கள் குதிரையும் வந்தது. குளிர்காலத்துக்கென்று ஏழு குடும்பமும் சேர்ந்து ஒரு குதிரை வாங்கி அடிப்பது வழக்கம். காலையில் அடித்த இறைச்சியை அமன்கோஸ் மதியம் சாக்குகளில் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைதான் பங்கு பிரிப்பது. அதுவரை எங்கே வைப்பது? எல்லா வீட்டிலும் வைக்கும் இடத்தில்தான். பால்கனியில், தகரப் பெட்டியை ஒட்டி அடுக்கினார். மேக்பைப் பறவைகள் கொத்தாமல் இருக்க அகாவே ஒரு பழைய கம்பளத்தைக் கொண்டுவந்து மேலே போர்த்தினார்.

சாயங்காலம் கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்க்க நான் வெளியே போனேன். கையுறையைக் கழற்றிவிட்டுக் கம்பளத்துக்கு அடியில் கையை விட்டு, பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கம்பி சரியாக இருந்தது. வெப்பமானி மைனஸ் முப்பத்தொன்று காட்டியது. அந்தக் குளிரில் தகரத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். என் விரல் ஒட்டவில்லை. இதை இன்று நான் உறுதியாகச் சொல்கிறேன். அன்று அதைப் பற்றி நினைத்தேனா என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை கணினியைத் திறந்தால் இரண்டாம் படி இருந்தது. நீளமாக, தட்டையாக, புல்வெளி மாதிரி. நான் தாழ்வாரத்தில் ஓடினேன். அப்போதுதான் உள்ளே வந்த அகா இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சுயின்ஷி, அகா."

நல்ல செய்தி கொண்டுவருகிறவர் இந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கேட்கிறவர் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். செய்தி அதற்குப் பிறகுதான். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பைகளைத் துழாவினார். சாவி, கைக்குட்டை, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டையில் பாதி.

"என்ன வேணும், கேளு."

"பச்ச நோட்டு."

"அடியே, வீட்டக் கேளு, தர்றேன்."

"நோட்டுதான்."

சிரித்தார். "சரி. வைவா முடிஞ்ச மறுநாள் காலைல உன் மேசைல இருக்கும். இப்ப சொல்லு."

சொன்னேன். வரைகோட்டைப் பார்த்ததும் திரைமுன் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் படியின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக ஓட்டினார். "குலா ஓடிருச்சு" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை தலைவர் அறிக்கையை அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மாலை பங்கு பிரித்தோம். ஓரத்துச் சாக்குகள் கல்லாகியிருந்தன. நடுச் சாக்கில் அமன்கோஸ் கத்தியை இறக்கினார். கத்தி தடையில்லாமல் உள்ளே போனது.

"பாருங்கய்யா, மூணு நாளாச்சு, இன்னும் உறையல. செத்தும் சூடு விடாத குதிரை."

எல்லாரும் சிரித்தார்கள். அகா கையில் ஒரு விலா எலும்போடு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை சாக்கிலிருந்து தகரப் பெட்டிக்குப் போனது, பிறகு கைப்பிடியில் கட்டிய வெப்பமானிக்கு, பிறகு என்னிடம் வந்தது. நான் விரல்களைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"டாக்டராகப் போறவரே, விலாவப் புடிச்சுக்கிட்டே நின்னா காஸி ஆயிருமா? சாக்குல போடுங்க" என்றார் அமன்கோஸ். காஸி என்பது குதிரை விலாக்கறியைக் குடலில் அடைத்துச் செய்யும் பண்டம்.

ஞாயிற்றுக்கிழமை அகா தனியாக வந்து, இறைச்சி இல்லாத பால்கனியில் குலாவை மறுபடி வைத்திருக்கிறார். திங்கள் காலை நான் வந்தபோது அவர் கையுறைப் பெட்டிமுன் உட்காரப் போனார். மூக்கைச் சொறியவில்லை. புருவத்தையும் தொடவில்லை. நேராகக் கைகளை உள்ளே விட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன். முதல் படி, அதோடு செங்குத்தாக ஒரு வீழ்ச்சி.

இருவரும் தலைவரிடம் போனோம். சேர்காஸி கெட்டவர் அல்ல. தாளை நீண்ட நேரம் பார்த்தார்.

"அறிக்கை போயாச்சு, ஜூக்கே" என்றார், அகாவின் பெயரை மரியாதையாகச் சுருக்கி.

"தெரியும், சேக்கே. திருத்தி அனுப்பலாம்."

"திருத்தி என்னன்னு எழுதுவீங்க? குதிரைக்கறிக்கு அடியில இருந்துச்சுன்னா?" அவர் சிரிக்கவில்லை. "ஏழு குடும்பம். ஜனவரில குளிர் அறை சரியாகிரும். குலாவ அப்ப நெஜமாவே ஓட வச்சுருங்க. ஓடுனப்புறம் யாரு கேக்கப் போறா?"

அகா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஜனவரியில் குளிர் அறை சரியானது. மைனஸ் ஐந்தில் குலா அருமையாக ஓடியது. அதுவே நல்ல திரவம்தான், அதைச் சொல்லியிருந்தாலே மதித்திருப்பார்கள். மைனஸ் முப்பதில் பத்தில் ஒரு பங்கும் வரவில்லை. ஆனால் அதற்குள் திட்டத்தை மூன்று வருடம் நீட்டிவிட்டார்கள், 'மைனஸ் முப்பதில் ஓடும் திரவத்தை மேம்படுத்த' என்று. அந்த வரைகோட்டோடு கட்டுரையும் வந்துவிட்டது. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது.

அந்தக் குளிர்காலத்தின் மிச்சம் முழுக்க அவர் பெட்டிக்குள்தான் இருந்தார். ஈதரை மாற்றினார், உப்பை ஏற்றினார், நைட்ரேட்டைக் குறைத்தார். குளிரில் இளகும் திரவம் கந்தகத்தை ஓடவிட்டது. கந்தகத்தைக் கட்டிவைக்கும் திரவம் குளிரில் உறைந்தது. நோட்டில் குலாவுக்குக் கீழே குலாவின் குட்டிகளாகப் பதினொன்று எழுதி, பதினொன்றையும் அடித்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் கை குலுக்கினார்கள். வேறொரு நிறுவனத்தில் அவருக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள், குலாவைக் கூட்டிக்கொண்டு வந்தால். அவர் போகவில்லை. எதைக் கூட்டிக்கொண்டு போவார்?

மார்ச்சில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதிகள் அச்சடித்த தாள் ஒன்று வந்தது. அதை ஆய்வுக்கூடக் கதவில் ஒட்டியது நான்தான். நாலு மூலையிலும் டேப் ஒட்டினேன்.

அகாவின் வைவா மே கடைசியில் என்று முடிவானது. அதற்கு இரண்டு வாரம் முன்பு என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார். பனி போயிருந்தது. வெப்பமானி அங்கேயே கட்டியபடி பதினெட்டு காட்டியது.

"வைவால அந்தப் படத்தப் போட்டு, நடந்ததச் சொல்லிரலாம்னு பாக்கறேன்" என்றார்.

"எல்லார் முன்னாடியுமா?"

"வேற எப்பச் சொல்றது? சிரிப்பாங்க. சிரிக்கட்டும். மைனஸ் அஞ்சுல ஓடுது, அதுக்கே பட்டம் குடுத்தா குடுக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "ஆனா படத்துல உன் பேரும் இருக்கு. அதான் உன்னக் கேக்கறேன்."

எனக்கு அப்போது ஜெர்மனியில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்த வரைகோடுதான் இருந்தது. அப்பா ஊரைக் கூட்டி விருந்து வைத்துவிட்டார். கந்தக வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாம் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள். விசா இன்னும் வரவில்லை.

கீழே ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"செப்டம்பர் வரைக்கும் பொறுத்துக்க முடியுமா, அகா? நான் போய்ச் சேந்துட்டா போதும்."

"செப்டம்பர்" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சரி. நவம்பருக்குத் தள்ளிக்கறேன்."

நன்றி என்றேன். அவ்வளவு எளிதாக ஒத்துக்கொண்டாரே என்றுகூட நினைத்தேன்.

செப்டம்பரில் போனேன். நவம்பரில் வைவா எப்படி நடந்தது என்று கேட்க அமன்கோஸுக்குப் போன் செய்தேன்.

"என்ன வைவா? அவரு காலக்கெடு ஜூன் முப்பதோட முடிஞ்சுபோச்சே. இனி முதல்லேர்ந்து சேரணும், வயசு வேற ஆச்சு. ஒனக்குத் தெரியாதா? கதவுலதான ஒட்டிருந்துச்சு."

எனக்குத் தெரியுமா? இதை எத்தனையோ தடவை என்னிடமே கேட்டுப் பார்த்துவிட்டேன். தாளின் நிறம் நினைவிருக்கிறது, டேப்பைப் பல்லால் கடித்தது நினைவிருக்கிறது. அதில் அச்சாகியிருந்த தேதி மட்டும் நினைவில்லை. படித்த பெண், ஒரு பக்கத் தாள், கையாலேயே ஒட்டியது. படிக்காமலா ஒட்டியிருப்பேன்? தகரம் விரலில் ஒட்டாததை எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ, இதையும் அப்படித்தான் விட்டேன் போலிருக்கிறது. அவருக்குத் தேதி தெரியும். தெரிந்துதான் நவம்பர் என்றார்.

அந்த டிசம்பரில் புதுக் குதிரை வந்தபோது, அகா சாக்குகளுக்கு நடுவில் ஒரு வெப்ப உணரியை வைத்து, மேலே அதே கம்பளத்தைப் போர்த்தியிருக்கிறார். "கறியோட காய்ச்சலப் பாக்கறாரு டாக்டரு" என்று அமன்கோஸ் மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். முதல் இருபத்திரண்டு மணி நேரமும் மைனஸ் மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில். அந்த எண்ணோடு இதழுக்குத் திருத்தம் எழுதினார். 'அளவிட்ட பெட்டிக்கு அருகில் வெப்பம் வெளியிடும் பொருள் ஒன்று இருந்தது கவனிக்கப்படவில்லை. வெப்பநிலை அளவீட்டின் பிழைக்கு முதல் ஆசிரியர் மட்டுமே பொறுப்பு.' வெப்பமானியைக் கைப்பிடியில் கட்டியது நான். பிரதி எனக்கும் வந்தது. பதினோரு நாள் நான் பதில் எழுதவில்லை. எழுதியபோது, 'பார்த்தேன் அகா, நன்றி' என்று மட்டும் எழுதினேன்.

என் பேராசிரியர் அந்தத் திருத்தத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டார். முதல் ஆசிரியருடைய பிழை என்று சொன்னேன். தாளில் அப்படித்தானே இருந்தது.

வசந்தத்தில் திட்டத்தை நிறுத்தினார்கள். சேர்காஸி பாடம் நடத்தப் போய்விட்டார். ஏழு பேரில் மூன்று பேர் என்னோடு இன்றும் பேசுவதில்லை. அகாவோடும் பேசுவதில்லை என்று கேள்வி.

இரண்டு வருடத்துக்கு முன், கோடையில், அஸ்தானா போனேன். அகா இப்போது நகர ஓரத்தில், அனல் மின்நிலையத்தின் தண்ணீர்ச் சோதனை அறையில் இருக்கிறார். கொதிகலனுக்குப் போகும் நீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கும் வேலை. ஜன்னலைத் திறந்தால் எதிரே சாம்பல் மேடு. நான் போனபோது, சோதனைக் குழாயை எடுக்கும் முன் அவர் கை மூக்கு நுனிக்குப் போனது, பிறகு புருவத்துக்கு, பிறகு காதுகளுக்கு.

"இங்கதான் பெட்டி இல்லயே, அகா."

"மூக்குக்கு இன்னும் தெரியல."

தேநீர் போட்டார். நான் வழியெல்லாம் தயார்செய்து வந்த பேச்சை ஆரம்பித்தேன். ஜூன் தேதி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தொடங்கினேன். அவர் சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அத விடு. ஒனக்கு ஒரு சுயின்ஷி பாக்கி இருக்கு. அதப் பத்திச் சொல்லு. நோட்டு வேணுமா, வேணாமா?"

"அந்தச் செய்தி பொய்தானே, அகா."

"செய்தி பொய்யா இருக்கலாம். அன்னிக்கு நான் சந்தோஷப்பட்டது பொய் இல்லயே."

ஜன்னல் விளிம்பில் மருந்து பாட்டில் அளவுக்கு ஒரு சின்னக் குப்பி இருந்தது. மெழுகால் மூடி, உள்ளே சிவப்பும் பழுப்புமாக ஏதோ தெளிந்துகொண்டிருந்தது. தண்ணீர்ச் சோதனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். குப்பியைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

"என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"இன்னும் வைக்கல. நெறம் நிக்கட்டும்."

"நோட்டு?"

"வீட்ல இருக்கு. கடைசில ரெண்டு பக்கம் காலியா கெடக்கு. அதையும் எழுதிட்டுத் தர்றேன்."

வைவா முடிந்த மறுநாள் காலை என்று சொல்லியிருந்தார். அப்படி ஒரு மறுநாள் இனி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வாசல் வரை வந்து, பேருந்து எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நோட்டு இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.